நிழல் வேண்டாத தலைவருக்கு

ஐயா, உங்கள் நிறுவனத்தில் உங்களைவிட அதிகம் உழைப்பவர் யாரும் இல்லை. யாரோ சொல்லிக் கேட்டு எழுதவில்லை, பார்த்ததை எழுதுகிறேன். வத்தலக்குண்டைத் தாண்டிச் சித்தரேவு வழியாக மலையேறினால் வளைவுக்கு வளைவு சிக்னல் அறுந்து அறுந்து வரும். அந்தப் பாதையிலும் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தபடி ஒரு கூட்டத்தை விடாமல் நடத்தி முடித்தீர்கள். வழிகாட்ட ஏறிய நான் உங்களுக்குப் பின்சீட்டில் இருந்தேன். உங்கள் குழுவினர் முதலில் பாட்டை நிறுத்தினார்கள், பிறகு பேச்சையும் நிறுத்தினார்கள். குமட்டிக்கொண்டு வந்த ஒரு பெண், வண்டியை நிறுத்தச் சொல்லாமல், ஒரு பாலித்தீன் பையை வாயருகே பிடித்துக்கொண்டே தடியன்குடிசை வரை வந்து சேர்ந்தார். தலைவர் ஒரு வார்த்தை சொல்லாமலே இவ்வளவு கட்டுப்பாட்டோடு நடந்துகொள்ளும் குழுவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவர்கள் களைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் நீங்கள்தான். மனிதவளத் துறை சொல்லும் வரை காத்திருக்கவில்லை. பர்ன்அவுட்டைத் தடுக்க இரண்டு நாள் பயிலரங்கம், அதற்கு ஒரு பயிற்சியாளர், என் எஸ்டேட் வீடு, மலைவாழைப்பழத்தோடு காலை உணவு என்று செலவு பார்க்காமல் ஏற்பாடு செய்தீர்கள். சனி, ஞாயிறாகப் பார்த்து வந்ததால் அலுவலக நாள் ஒன்றுகூட வீணாகவில்லை. ஞாயிறு இரவே இறங்கிவிட்டதால் திங்கள் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எல்லோரும் இருந்திருப்பார்கள்.

இந்த மலைக்குத் தலைவர்கள் களைப்பாற வருவது நெடுங்காலப் பழக்கம். மதுரையில் 1834-ல் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், வெயிலும் காய்ச்சலும் காலராவும் தங்கள் ஆட்களை ஒவ்வொருவராக வாங்கிக்கொள்வதைக் கண்டு, 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். ஒன்றுக்குச் சன்னிசைடு என்றும் இன்னொன்றுக்கு ஷெல்டன் என்றும் பெயர். இந்தியாவின் மற்ற மலைவாசத்தலங்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக எழும்பியவை. கொடைக்கானலோ, வேலை ஆளைத் தின்றுவிடும் என்று புரிந்துகொண்ட ஒரு சின்னக் கூட்டத்தால் உருவானது. சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்திலிருந்துதான் ஏற்றம். குதிரையில் வந்தவர்கள் உண்டு. டோலியிலும் நாற்காலியிலும் ஆட்கள் தூக்கிவர வந்தவர்கள் அதைவிட அதிகம். வத்தலக்குண்டிலிருந்து வருகிற மலைச்சாலை பொதுமக்களுக்குத் திறந்தது 1916-ல்தான். அதுவரை எழுபது ஆண்டுகள், களைப்பாறப் போனவர்களின் பாரம் களைப்பாற வழியில்லாதவர்களின் தோளில் ஏறியது. தூக்கியவர்களின் பெயர்களை எந்தக் கல்லறையிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தத் துரைமாரைவிட நீங்கள் நல்லவர். அவர்கள் மேலே தங்கித் தூக்கியவர்களைக் கீழே அனுப்பினார்கள். நீங்கள் உங்கள் பாரத்தைச் சுமப்பவர்களை உங்களோடு அதே வீட்டில் தங்கவைத்தீர்கள், அதே மேசையில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டீர்கள். ஒரு வேறுபாடு மட்டும் என் கண்ணில் பட்டது. டோலி தூக்கியவர்கள் மேலே வந்ததும் பாரத்தை இறக்கி வைத்தார்கள்.

காபித் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியபோது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது நிழல் மரங்கள் சாய்ந்துபோன மூலையில் நின்றிருந்தோம். வெட்டவெளியில் நிற்கிற அந்தச் செடிகளில் கிளையே தெரியாத அளவுக்குச் சிவப்பும் பச்சையுமாகக் காய்ப்பு. மரநிழலில் நின்ற மற்றச் செடிகள் அதில் பாதிதான் காய்த்திருந்தன. "எல்லாச் செடியையும் இப்படிக் காய்க்க வைக்க என்ன செய்யணும்?" என்றீர்கள். விளைச்சலைக் கண்ட இடத்தில் அதைப் பெருக்க நினைக்கிற மனம்தான் ஒரு நிறுவனத்தை வளர்க்கும். நான் பதில் சொல்லத் தொடங்கும்போது கைபேசி அழைத்தது, நீங்கள் போய்விட்டீர்கள். அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

எல்லாச் செடியையும் அப்படிக் காய்க்க வைப்பது சுலபம். மரங்களை வெட்டிவிட்டால் போதும். அராபிகா காபி அடிப்படையில் காட்டு மரங்களின் அடியில் வளர்ந்த செடி. மேலே நிழல் இருக்கும் வரை அளவாகப் பூக்கும். நிழலை எடுத்துவிட்டால் கணுவுக்குக் கணு மொட்டுக் கட்டும். மாசி, பங்குனியில் ஒரு பூமழை விழுந்து சில நாளில் தோட்டம் வெள்ளையாகிவிடும், பார்க்க அவ்வளவு அழகு. மாமரமாக இருந்தால் தாங்க முடியாத பிஞ்சுகளைத் தானே உதிர்த்துக்கொள்ளும். காபிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. பிடித்த காயில் பெரும்பகுதியை விடாமல் சுமக்கும். காய்க்கு வேண்டிய மாவுச்சத்தை இலையிலிருந்து கொடுக்கும், இலையில் தீர்ந்தால் கிளையிலிருந்து கொடுக்கும், அதுவும் தீர்ந்தால் வேரிலிருந்து எடுத்துக் கொடுக்கும். பழத்தைப் பறித்து முடிக்கும்போது இலை கொட்டியிருக்கும். கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வரும். மண்ணைக் கிளறிப் பார்த்தால் சல்லிவேர்கள் செத்திருக்கும். அடுத்த ஆண்டு அந்தச் செடியில் காய்ப்பு இருக்காது. சில செடிகள் அதற்கடுத்த ஆண்டும் தேறுவதில்லை. வெயில் பட்ட தண்டைத்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டும் விரும்பி வந்து முட்டையிடும். பூச்சி கொன்றது என்று கணக்கெழுதிவிடலாம். செடியைப் பூச்சிக்கு ஒப்புக்கொடுத்தது வெயில்தான்.

காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் எங்கள் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. அங்கே போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: நிழலை ஒழுங்கு செய், பறிப்பு முடிந்ததும் கவாத்து செய், காய்ப்புக்குத் தக்க உரம் போடு. சில்வர் ஓக்கும் பலாவும் கல்யாண முருங்கையும் காபித் தோட்டத்தில் சும்மா நிற்கவில்லை. செடி தன் சக்திக்கு மேல் காய்த்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை. காய்ப்பு மிகுந்த செடியைப் பார்த்து விவசாயி பயப்படுவான் ஐயா. எங்கள் ஊரில் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான். அவ்வளவு நம்பிக்கை உங்களுக்கு.

என் வீட்டில் தங்குகிறவர்கள் பதிவேட்டில் பெயர் எழுதவேண்டும். ஆண்டுதோறும் குழுவை அழைத்து வருகிறீர்கள், ஒவ்வோர் ஆண்டுப் பக்கத்திலும் முதல் பெயர் உங்களுடையது. அதற்குக் கீழே உள்ள பெயர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கின்றன. எத்தனை புதிய பிள்ளைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்பதற்கு அந்தப் பதிவேடே சாட்சி. போன முறை ராத்திரி என் அடுப்படியில் உட்கார்ந்து சுக்குக் காபி குடித்தபடி, அப்பாவுக்குத் தெரியாமல் வேலையை விடுவது எப்படி என்று கேட்ட பையனின் பெயரை இந்த முறை தேடினேன், இல்லை. அவன் உங்களைக் குறை சொல்லவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "சார் எங்களைவிட அதிகமா வேலை பாக்குறாரு. அவரு முன்னாடி எப்படி முடியலைன்னு சொல்றது?" என்றுதான் சொன்னான்.

இதுதான் உங்கள் பெருமையின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். கொடுமைக்கார முதலாளியை எதிர்த்துப் பேசலாம். சோம்பேறி மேலாளரைப் பார்த்துச் சிரிக்கலாம். தன்னைத்தானே அரைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறவரை என்ன செய்வது? காய்ச்சல் 102 டிகிரி இருந்தபோதும் அலுவலகம் வந்தீர்களாம், அன்றிலிருந்து உங்கள் தளத்தில் யாரும் காய்ச்சலுக்கு விடுப்பு எடுப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலின் கடைசியில், உடனே பதில் தேவையில்லை என்று மறக்காமல் எழுதுகிறீர்கள். பதில் இரண்டேகாலுக்கு வந்துவிடுகிறது. உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள்கூட நகராது. தவறு நடந்துவிடக்கூடாது என்கிற அக்கறை அது. பத்தாண்டு அனுபவமுள்ளவரும் ஓர் எழுத்துப்பிழைக்காக உங்கள் அறை வாசலில் நிற்கிறார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்கிறீர்கள், மனதாரத்தான் சொல்கிறீர்கள். குடும்பத்தில் யாரும் மிகைநேரக் கூலி கேட்பதில்லை.

நாடும் உங்களைப் போன்றவர்களைக் கொண்டாடுகிறது. இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சொன்ன தொழிலதிபர் நாராயண மூர்த்தி, 1994 வரை தாம் வாரம் 85 முதல் 90 மணி நேரம் உழைத்ததாகவும் சொன்னவர். தாம் செய்யாததை ஊருக்குச் சொல்லவில்லை. தம் கடன் தீர்ந்தபின் அந்தக் கணக்கை அடுத்த தலைமுறைக்கு அப்படியே எடுத்துக் கொடுத்தார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரத்தைப் பேசியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களை வேலை வாங்க முடியவில்லையே என்று ஊழியர்களிடம் வருத்தப்பட்டார், தாம் ஞாயிறும் உழைப்பவர் என்பதையும் சொன்னார், வீட்டில் இருந்து மனைவியை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். உள்ளத்தில் இருப்பதை மறைக்காமல் பேசும் தலைவர்கள் நமக்கு அபூர்வம். அவருடைய ஆண்டு ஊதியம் அந்த நிறுவனத்தின் இடைநிலை ஊதியத்தைப் போல் 500 மடங்குக்கும் மேல் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஞாயிற்றுக்கிழமையின் விலை அவரவர்க்கு ஒன்றல்ல.

90 மணி நேரத்தை ஏழால் வகுத்தால் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சென்னையிலோ பெங்களூரிலோ போகவர இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களை 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டது. பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடு கூடுதல். மாரடைப்பு வகை இதயநோயால் சாகும் அபாயம் 17 விழுக்காடு கூடுதல். 2016-ல் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் இப்படி நீண்டநேர உழைப்போடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதயநோயாலும் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பெண் இறந்தார். மகளை வேலைப்பளு எப்படி அழுத்தியது என்று தாய் எழுதிய கடிதத்தை நாடே படித்தது. அந்தப் பிள்ளையும் கடைசி வரை முடியாது என்று சொல்லாத பிள்ளைதான்.

உங்கள் பயிற்சியாளர் திரையில் காட்டிய விளக்கம் சரியானது. 2019-ல் உலகச் சுகாதார நிறுவனம் தன் புதிய நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டை வரையறுத்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றுதான் சொன்னது. சரியாகக் கையாளப்படாமல் நீடிக்கிற பணியிட அழுத்தத்தால் வருவது. உடம்பிலும் மனதிலும் தெம்பு வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலும் அவநம்பிக்கையும் படிவது, செய்கிற வேலையில் திறன் குறைவது என்று மூன்று அடையாளங்கள். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அடுத்து அவர் மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நன்றியுணர்வோடு நாட்குறிப்பு எழுதச் சொன்னார். பணியிடத்தில் பிறந்ததைப் பணியாளரின் மூக்கு வழியாக வெளியேற்றும் அந்த முயற்சியை நீங்களும் முதல் வரிசையில் கண்மூடி உட்கார்ந்து செய்தீர்கள். அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது.

உளவியல் ஆய்வாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பல ஆண்டுகள் ஆய்ந்து, பர்ன்அவுட் ஆறு இடங்களில் முளைக்கிறது என்று எழுதினார்கள்: பணிச்சுமை, தன் வேலைமேல் தனக்குள்ள பிடி, கிடைக்கிற மதிப்பும் ஊதியமும், உடன் வேலை செய்பவர்களின் உறவு, நியாயம், மனசாட்சியோடு வேலை ஒத்துப்போவது. இந்த ஆறில் ஒன்றுகூட மூச்சுப்பயிற்சியால் மாறாது. ஆறையும் மாற்றக்கூடிய அதிகாரம் உங்கள் தளத்தில் ஒரே ஒருவரிடம் இருக்கிறது. எல்லாத் தாளும் வந்து சேர்வது அவர் மேசைக்குத்தான்.

ஓய்வைப் பற்றிப் பேசக்கூடிய ஒரு காலத்தில் நாம் வாழ்வதே நம் பாட்டன்மார் போட்ட பாதையால்தான். 1908-ல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளிகளை வ.உ.சி. வேலைநிறுத்தத்துக்கு அழைத்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டது வார விடுமுறை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, முதல் கோரிக்கைகளில் ஒன்று அரை மணி நேர மதிய இடைவேளையைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லித்தான். சாப்பிட்டுக் கை கழுவ நேரம் வேண்டும் என்று கேட்கச் சங்கம் வைக்க வேண்டியிருந்தது. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அதன் நூற்றாண்டை நம் சட்டமன்றம் மறக்கவில்லை. 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததும் 24-ஆம் தேதி நிறுத்திவைத்து, மே 1-ஆம் தேதி திரும்பப் பெறுவதாக அன்றைய முதல்வர் அறிவித்தார். தவறை இவ்வளவு விரைவாகத் திருத்திக்கொண்ட அரசைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அந்தப் பத்து நாளும் நிறைவேறிய நாளும் சேர்ந்தேதான் வரலாற்றில் நிற்கும். 2021-ல் அதே அரசு, துணிக்கடையிலும் நகைக்கடையிலும் நாளெல்லாம் நின்றுகொண்டிருந்த ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஒரு நாற்காலி போடச் சட்டம் தேவைப்பட்டது என்பதைக் கடை முதலாளிகளின் பெருமைக்கணக்கில் எழுத வேண்டும்.

இதையெல்லாம் உங்கள் குழுவினருக்குச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. மில்லில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்கள் மூட்டையை எடை போட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுவார்கள். பனி இறங்கினால் பழத்தில் பச்சை எது, சிவப்பு எது என்று தெரியாது. காட்டெருமை வழியில் நிற்கும். மேஸ்திரி எவ்வளவு கடுமையானவராக இருந்தாலும் இருட்டோடு சண்டை போட மாட்டார். அந்த இருட்டைக் கைபேசி வெளிச்சம் ஒழித்துக்கட்டியது. சங்கு ஊதாத ஓர் இடத்தில் எப்போது எழுந்து போகலாம் என்பதைத் தலைவர் எழுந்து போகும் நேரம்தான் சொல்கிறது. நீங்கள் எழுந்து போவதே இல்லை.

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குப் போய், நெய் பூசிப் பீலி சூட்டி வைத்திருந்த அவன் வேல்களைப் பாராட்டினார். அதியமானின் வேல்கள் போரில் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகச் சொன்னார். அந்தப் புறநானூற்றுப் பாட்டைப் பள்ளியில் படிக்கும்போது அதியமானின் வீரம்தான் என் மனதில் பதிந்தது. உங்கள் குழு வந்துபோன பிறகு அந்தப் பட்டறையைத்தான் நினைக்கிறேன். அத்தனை போர் செய்த அரசனும், முனை மழுங்கிய வேலைச் செப்பனிட அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். உங்கள் வீரம் அதையும் தாண்டியது. ஒரு திட்டம் முடிந்த இரவில் அடுத்த திட்டத்துக்கு அதே பிள்ளைகளை அனுப்புகிறீர்கள்.

உங்களைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு, அதை ஒளிக்கவில்லை. காலையில் இட்லிக்கு முன்னால் மூன்று மாத்திரை போட்டதைப் பார்த்தேன். வீட்டிலிருந்து வந்த அழைப்பை, பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்தீர்கள். அந்தப் பிறகு, நீங்கள் இங்கிருந்த இரண்டு நாளில் வரவில்லை. பர்ன்அவுட் என்ற பெயரை நிலைநிறுத்திய உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் அதைப் பற்றிய கட்டுரையை 1974-ல் எழுதினார். பகலெல்லாம் தம் உளவியல் சிகிச்சைத் தொழில், மாலைக்குமேல் நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனை என்று உழைத்தவர். தமக்கே வந்ததையும் அவர் எழுதினார். ஈடுபாடும் அர்ப்பணிப்பும் மிகுந்தவர்களுக்கே இது முதலில் வரும் என்று அவர் கண்டார். அந்தக் கணக்கில் உங்கள் நிறுவனத்தில் முதல் ஆள் நீங்கள்தான். உங்கள் அர்ப்பணிப்பு உண்மையானது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொய்யான தலைவருக்கு இந்தத் தாள் வீண்.

லெஸ்லி பெர்லோ என்ற ஹார்வர்டு பேராசிரியர், பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தில் ஒரு சோதனை நடத்தி 2009-ல் அதைப் பற்றி எழுதினார். ஆலோசகர்கள் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் முன்கூட்டியே குறித்த ஒரு நேரம் முழு ஓய்வு. ஒரு குழுவுக்கு ஒரு நாள், இன்னொரு குழுவுக்கு ஒரு மாலை. அந்த நேரத்தில் அஞ்சல் பார்க்கக்கூடாது, அழைப்பு எடுக்கக்கூடாது. முதலில் எதிர்த்தவர்கள் அந்த ஆலோசகர்களே. ஒருவர் இல்லாதபோது வேலை நடக்க வேண்டுமானால் அவர் செய்வது என்ன என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் பேச வேண்டும். பேசினார்கள். எது வேண்டாத வேலை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. வேலையில் நிறைவும் கூடியது, வாடிக்கையாளருக்குக் கிடைத்த வேலையின் தரமும் கெடவில்லை. அங்கே ஓய்வு ஒரு சலுகையாக இருக்கவில்லை, கட்டாயமாக இருந்தது. விருப்பமுள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் ஒருவரும் எடுத்திருக்க மாட்டார்கள். அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் திறமைமேல் எனக்கிருக்கும் நம்பிக்கையில் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை குழுவை மட்டும் அனுப்புங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். திங்கள் காலை ஏறிப் புதன் மாலை இறங்கட்டும். பயிற்சியாளர் வேண்டாம். அலுவலகக் கைபேசிகளையும் மடிக்கணினிகளையும் உங்கள் மேசையில் வைத்துவிட்டு வரட்டும். அந்த மூன்று நாள் அவர்கள் எல்லோருடைய வேலையையும் நீங்கள் ஒருவரே பாருங்கள். யார் இல்லாவிட்டாலும் என்னால் சமாளிக்க முடியும் என்று நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்த இரவில் சொன்னீர்கள், முடியும் என்றே நானும் நம்புகிறேன். எவை உங்களாலும் முடியாமல் மிஞ்சுகின்றனவோ, அவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளுக்கு ஆள் எடுங்கள், ஆள் எடுக்கப் பணம் இல்லையென்றால் வாடிக்கையாளரிடம் அந்த வேலை ஆகாது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் திரும்பி வந்ததும், அவர்கள் எந்த நேரத்துக்குமேல் உங்கள் அழைப்பை எடுக்க வேண்டியதில்லை என்பதை அவர்களையே முடிவு செய்யவிட்டு, அதன்கீழ் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

பிறகு உங்கள் கையெழுத்து அதிகாரத்தை அடுத்த நிலையில் இருப்பவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு, வீட்டாரை அழைத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள். தை வரை பறிப்பு நடக்கும், வீட்டில் இடம் இருக்காது. மாசியில் கவாத்து தொடங்குவோம், அப்போது வசதி. எந்தத் தேதி என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குக் குறைவாகத் தங்குவதாக இருந்தால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்.